கரி பஸ்ஸில் போய்ச் சாமை விதை வாங்கிய கதை

உலகச் சண்டையால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடத் தொடங்கிய ஒரு மாசி மாதம், கொல்லிமலை ஏறினேன். சுற்றிப்பார்க்க இல்லை, சாமை விதை வாங்க. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எனக்கு நாலு ஏக்கர் மேட்டுக்காடு, வானம் பார்த்த நிலம். நிழல் விழுகிறதென்று மேல்பாதி மரங்களை மூன்று வருஷம் முன்பு நானே வெட்டினேன். முதல் வருஷம் கடலை அள்ளிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடைக்குப் போய், இப்போது ஏர்க்கொழு இறங்காத தரை. கடலை வராத இடத்தில் சாமையாவது வருமா என்றுதான் இந்தப் பயணம்.

கீழ்ப்பாதியில் பத்தொன்பது வெள்வேல மரங்கள் மிச்சம். அவற்றையும் கரி சுட்டு விற்கிற ஒரு கரிக்காரருக்கு விலை பேசிவிட்டேன். சனிக்கிழமை வெட்டு. "இதையும் வெட்டிப்போட்டு என்னத்தைத் திங்கறதுங்க?" என்று கேட்டாள் என் மனைவி பாவாயி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழன் காலை ஆறு மணிக்குப் பஸ். காரவள்ளிக்கு ஏறக்குறைய ஒன்பது மைல், மூன்றணா, ஒன்றே முக்கால் மணி நேரம். பஸ்ஸின் முதுகில் ஓர் உலை. மேடு வந்தால் மூச்சு வாங்கும். டிரைவர் இறங்கி மூட்டையிலிருந்து கரி கொட்டிக் கிளறுவார். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். காசும் கொடுத்து வண்டியும் தள்ளுகிற பாக்கியம் வேறு எங்கே கிடைக்கும்?

காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஐந்து மணி நேர ஏற்றம். பாதி தூரத்தில் பனிமூட்டம் வந்து சூழ்ந்தது. முன்னால் போகிற பொதிமாட்டின் மணிச் சத்தம் கேட்கும், மாடு தெரியாது. என் காலே எனக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த இரண்டு மணி நேரம் எனக்கு நிலமும் இல்லை, கவலையும் இல்லை.

மலைமேல் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள். திருப்புலி நாட்டில் நல்லம்மா வீடு. முப்பது வயது இருக்கும். காரவள்ளிக்கு மிளகு கொண்டுவரும்போது பழக்கம். விதை தருவதாகச் சொல்லியிருந்தாள். நான் போனபோது அவளும் புருஷனும் தண்ணீருக்குப் போயிருந்தார்கள். வீட்டை ஒட்டிய காட்டில் பலா மரங்கள் நின்றன, ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி. நடுவே சாமை அறுத்த தாள். தரையெங்கும் கணுக்கால் அளவு பலா இலை. எங்கள் ஊரில் காட்டில் சருகு கிடந்தால் சோம்பேறி என்று பெயர். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஒரு மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டிக் குவித்துத் தீக்குச்சியையும் எடுத்துவிட்டேன்.

"ஏனுங்க, எங்க சோத்துப் பானைக்கே தீ வெக்கறீங்களா?" குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் நல்லம்மா.

வெட்கத்தில் நான் குவியலைத் திரும்பப் பரப்பினேன். கூட்டாத இடத்தில் இலையை விலக்கி, "கையை வெச்சுப் பாருங்க" என்றாள். மழை பெய்து ஒரு மாதமாகியும் மண் ஈரமாக, கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. விரல் தானாக உள்ளே போயிற்று. இரண்டு மண்புழு நெளிந்தன. என் மேல்பாதி நிலத்தின் ஞாபகம் வந்தது.

"நெழல்ல சாமை வெளையுமா?" என்று கேட்டேன்.

"மரத்தடியில கம்மிதானுங்க, இல்லீங்கல. மழைக்கு முன்னால கெளையை மட்டும் கழிச்சு உட்ருவோம். வெயிலு எறங்கும், தழை மண்ணுல மக்கும். சாமை கொறைஞ்சா மெளகு இருக்குது, ரெண்டும் போனா பலாப்பழம். உங்கூருல எல்லாத்தையும் ஒரே வெள்ளாமை மேல கட்டிப்போடறீங்க."

அன்று அங்கேயே தங்கினேன். களியும் கீரையும். விடியும்போது பனி இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லாத மழை. பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டே, கரிக்காரரிடம் போய் வாக்கை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். நாளைதானே சனிக்கிழமை.

இரண்டு வள்ளம் அளந்து வாங்கிய விதையோடு இறங்கி, வெள்ளி மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். வழியில் மூன்று இடத்தில் நின்றது. ஊர் சேர ஐந்தரை மணி. காட்டுப்பக்கம் கோடாலிச் சத்தம் இல்லை என்று நிம்மதியாகத்தான் நடந்தேன். போய்ப் பார்த்தால், கரிக்காரர் ஒரு நாள் முன்னதாகவே ஆளை அனுப்பியிருந்தார். ஏழு மரங்கள் தரையில் கிடந்தன. எட்டாவது மரத்தில் எங்கள் கறவை மாட்டைக் கட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி பாவாயி நின்றாள்.

"மாட்டு மேலயா வெட்டுவாங்க? நீங்க வந்துதான் சொல்லோணும்னு உக்காந்திருக்கறாங்க. சொல்லுங்க," என்றாள். சொன்னேன். விழுந்த ஏழு மரத்தின் கட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு போன கரிக்காரர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

ஏழு மரத்தின் தழையையும் எரிக்காமல் மேல்பாதியில் பரப்பி, வேலியோரம் வெள்வேல விதை ஊன்றினோம். அந்த வருஷம் சாமை சுமார்தான். மண் இரண்டாம் வருஷத்தில்தான் கொஞ்சம் இளகியது.

போகிறவர்களுக்கு: காரவள்ளியில் எட்டு மணிக்காவது ஏறத் தொடங்குங்கள். கம்பளி வேண்டும். உப்பு கொண்டுபோனால் மலையில் மரியாதை. யார் காட்டிலும் சருகைக் கூட்டாதீர்கள். திரும்பும் பஸ்ஸை நம்பி எதையும் நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள். மேட்டில் வண்டி நின்று டிரைவர் மூட்டையை அவிழ்த்தால் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். நான் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன், அந்தக் கரி என் காட்டு மரமாக இருக்கலாம்.