தலைகீழ்க்காரர் வீட்டுத் தரை

குளிர்பெட்டி பழுதுபார்ப்பவருக்கு ஊர் வைத்த பெயர் தலைகீழ்க்காரர். மோட்டாரே இல்லாமல், சின்னத் தீச்சுடரில் ஓடும் புதுவகைப் பெட்டிகள் மக்கர் பண்ணினால் ஒருநாள் முழுக்கக் கவிழ்த்து வைப்பார். நிமிர்த்தினால் முக்கால்வாசி பிழைத்துக்கொள்ளும். நெருப்பை மூட்டிக் குளிரவைக்கிற பெட்டிக்கு இதைவிட நேரான வைத்தியம் வேறென்ன இருக்கமுடியும்!

ஊரில் கெட்டிக்காரர், வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடாது. காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அடுக்களையில் பழைய மோட்டார்ப் பெட்டி நின்றது. அதன் வாஷரை மாற்றியது அவர் கைதான். மறுநாளே அந்த வாஷர் வழியாகப் பெட்டிக்குள்ளிருந்த விஷவாயு கசிந்து மனைவி சுருண்டு விழுந்தாள். உயிர் தப்பியது, மோப்பம் போயே போய்விட்டது. இனிக் கசிந்தாலும் அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து மழையோ குளிரோ, அடுக்களை ஜன்னலைச் சாத்தவே விடமாட்டாள். அவர்மேல் கோபமில்லை என்றும் சொன்னாள். அதுதான் மனிதரை உள்ளுக்குள் அரித்தது.

இப்போது அவரே ஒரு சுடர்ப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே சுழல்வது எதுவுமில்லை, தேய்வதற்கு வாஷர் இல்லை, குழாய்களெல்லாம் வெல்டிங் வைத்து அடைத்தவை, சுடரின் புகைகூடத் தனிக் குழாயில் கூரைக்கு மேலே போய்விடும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று நாளாகியும் பெட்டி குளிரவில்லை. கவிழ்த்தார், நிமிர்த்தார், ம்ஹூம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, ரொட்டி சுடவாவது ஆகுமா என்று கேட்டுவிட்டுப் போனார். தலைகீழ்க்காரருக்கு முகம் செத்துவிட்டது. பெட்டியைத் திருப்பி எடுத்துப் போய்விடலாம் என்று கயிற்றைத் தேடினார்.

அவள் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது.

"ஊர்ல எல்லார் வீட்டுத் தரையையும் மட்டம் பாக்குறீங்க. நம்ம தரை சாக்கடைப் பக்கம் சாயுறது தெரியலையா? தினமும் கழுவுறவ கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

சாய்ந்து நிற்கும் பெட்டி குளிராது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. அசடு வழிய அவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். அவள் அட்டையை மடித்துச் சாய்ந்த பக்கம் பெட்டிக் காலுக்கடியில் செருகினாள்.

மறுநாள் மதியம் உள்ளே வைத்த கிண்ணத்தில் பனிக்கட்டி இருந்தது. விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக ஈரக்காற்று அடித்தது. பெட்டியின் அடியில் சுடர் சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"குளிருதுங்க," என்றாள். "அந்த ஜன்னலைச் சாத்துங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆறு வருஷத் துரு; கொக்கி லேசில் விழவில்லை. இரண்டு கையாலும் அழுத்தித்தான் சாத்தினார்.