அவள் காதால் கேட்ட கிட்டார்

வலது காதில் அறுவை சிகிச்சை செய்தபின் பல மாதங்கள் நான் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தொடவில்லை. காது கேட்டது. ஆனால் கூர்மையான ஒலி எது வந்தாலும் உள்ளே ஊசி இறங்குவது போல இருந்தது. அரூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் அடித்தால்கூடக் காதைப் பொத்திக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கிட்டார் பையோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

என் மனைவி செவிலியர். கிட்டார் அவளுக்கு மிக்சி மாதிரி வீட்டில் கேட்கும் இன்னொரு சத்தம். உட்கார்ந்து கேட்டதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. ஒரு நாள் வீடு கூட்டும்போது துடைப்பம் பையில் இடித்தது. வெளியே இழுத்து வைத்தாள்.

"இதுக்கு என்னதாங்க வழி? இப்பிடியே உட்டுறப் போறீங்களா?"

சொன்னேன். கிட்டாருக்குள் சின்னதாக ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. டோன் குமிழைக் குறைத்தால் கூர்மையான ஒலியை வடித்துவிடுவது அதுதான். என்னுடையதில் இருப்பது பெரிய அளவு. காதில் குத்தாத அளவுக்குக் குறைத்தால் மொத்த ஓசையும் மழுங்கிவிடுகிறது. வேறு அளவு போட்டுப் பார்க்கலாம். ஆனால் என் காதை நம்பி எப்படித் தேர்ந்தெடுப்பது?

"ஃபேனுக்குப் போடற கண்டன்சர் மாதிரியா?"

"அதேதான். இது குட்டி."

"அப்ப வாங்கியாங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

தருமபுரியில் ரேடியோ சாமான் கடையில் நடுத்தரத்தில் ஒன்றும் மிகச் சிறியதில் ஒன்றும் வாங்கினேன். எண்ணெயில் ஊறிய காகிதம் வைத்துச் செய்தது என்று கிட்டார்காரர்கள் புகழும் இன்னொன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதுவும் நடுத்தர அளவுதான்.

அவளுக்கு விடுமுறையாக இருந்த ஒரு மதியம், கிட்டாரின் மூடியைக் கழற்றி, பழைய கெபாசிட்டரை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்திலிருந்து இரண்டு ஒயர்களை வெளியே இழுத்து, முனைகளில் கிளிப் மாட்டினேன். இனி ஒவ்வொன்றாக மாற்றிப் போடலாம். அவள் எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். எதைப் போடுகிறேன் என்று தனக்குத் தெரியக்கூடாது என்பது அவளே போட்ட விதி. குமிழை ஒரே இடத்தில் வைத்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பழையதற்கு, "போர்வைக்குள்ள இருந்து பேசறாப்பல இருக்குது" என்றாள்.

மிகச் சிறியதற்கு, "இது மூக்கால பேசுது" என்றாள்.

நடுத்தரத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது நல்லாருக்குதுங்க. ஒவ்வொரு கம்பியும் தனியாத் தெரியுது."

எண்ணெய்க் காகிதத்தைப் போட்டு வாசித்தேன்.

"அதையே எதுக்குத் திரும்பப் போடறீங்க?"

"இது வேற. நல்லாக் கேளு."

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று அடித்துச் சொன்னாள். எனக்குத்தான் மனசு வரவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு, அவளைக் கிளிப்பை மாற்றச் சொல்லி கம்பியைத் தட்டிப் பார்த்தேன். எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இருவரும் சிரித்துவிட்டோம்.

அன்று நான் கவனித்தது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கருத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நான் கண்ணைச் சுருக்குகிறேனா என்று பார்த்தாள். மிகச் சிறியதை நான் கழற்றி வைப்பதற்குள் அவளே, "அது வேண்டாங்க, உங்களுக்குக் குத்துது" என்றிருந்தாள்.

கடையில் வாங்கிய நடுத்தரத்தையே சாலிடர் வைத்தேன். அவள் டார்ச் பிடித்தாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் வாசித்தேன். முதல் பாட்டு முடியும்வரை பயம் இருந்தது. அப்புறம் காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்தாள்.

"ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல தப்பா வாசிச்சீங்க."

தப்பாகத்தான் வாசித்திருந்தேன். இத்தனை வருடங்களில் அதையெல்லாம் யாரும் கவனித்துச் சொன்னதில்லை. வீடு வரும்வரை அந்தச் சந்தோஷம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.