மல்லிக்குக் காது கேட்காது என்று சொன்னேன்

போன வாரம் ஈ.சி.ஆர். ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். காலடியில் எங்கள் வீட்டு மல்லி. வெள்ளை நாய். ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. இப்போது மூன்று கால்.

பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டார்: “இன்னா சார், நாய்க்குக் கால் இன்னா ஆச்சு?”

“லாரி ஏறிடுச்சுங்க. அதுக்குக் காது கேக்காது. ஹாரன் அடிச்சது தெரியல.”

“த்சோ… பாவம். வாயில்லா ஜீவன். அதுக்குக் காதும் இல்லாம பூட்ச்சா?”

கடைக்காரர் ஒரு பொறை பிஸ்கட்டை எடுத்து அவளுக்குப் போட்டார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏழு மாதமாக யார் கேட்டாலும் இதே பதில்தான். லாரி ஏறியது உண்மை. காது கேட்காது என்பது உண்மை. ஹாரன் கேட்கவில்லை… அதுவும் உண்மை. ஆனால் மொத்தமாகச் சேர்த்தால் நான் சொல்வது பச்சைப் பொய். இந்த வாரம் அதைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

மல்லி குட்டியாக வந்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தீபாவளி அன்று தெரு நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட, இவள் வாசலில் மல்லாந்து தூங்கினாள். பக்கத்தில் ஆயிரம் வாலா வெடிக்கிறது! “பார்த்தியா, வீரம்னா இது” என்று மனைவியிடம் மார்தட்டினேன். அவள் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, மல்லியின் தலைக்குப் பின்னால் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். காதுகூட அசையவில்லை.

“வீரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. செவிடுங்க இது” என்றாள்.

செவிட்டு நாயை எப்படிப் பழக்குவது? தரையைக் காலால் உதைத்தால் அதிர்வில் திரும்பிப் பார்க்கும். பார்த்த கணத்தில் கையால் சொல்ல வேண்டும். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் உட்கார். கட்டை விரலை உயர்த்தினால் சபாஷ். இதெல்லாம் வீட்டுக்குள் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. வெளியே என்ன செய்வது?

எங்கள் வீடு மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய கடைசி வீடு. தாண்டினால் பாத்தி, வரப்பு, மறுபடி பாத்தி. கடல் காற்று அங்கே யார் பேச்சையும் கேட்க விடாது. அதனால் உப்பளத்துக்காரர்கள் தூரத்தில் இருப்பவரைக் கத்திக் கூப்பிட மாட்டார்கள். துண்டுதான். அம்பாரமாகக் குவித்த உப்பை ஏற்ற லாரி வந்தால், மேஸ்திரி தலைக்கு மேலே துண்டைச் சுழற்றுவார். ‘வா’ என்று அர்த்தம். விரித்துப் பிடித்தால் ‘நில்’.

காது கேட்கிறவர்களே கையால் பேசும் ஊர்! இதைவிட வேறென்ன வேண்டும்? நானும் ஒரு சிவப்புத் துண்டை வாங்கினேன். சுழற்றினேன். ஓடி வந்தால் பொறை. மூன்றே மாதம்… கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எங்கிருந்தாலும் நாலுகால் பாய்ச்சலில் வந்து மேலே விழுவாள்.

லோடு மேஸ்திரி ஏழுமலை ஒருநாள் நின்று பார்த்தார். “சார், தப்பா நெனைக்காதீங்க. அது நாங்க லாரிய கூப்புடறது. நீங்க வேற எதனா வெச்சிக்கக் கூடாதா?”

“ஏம்பா, லாரிக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதா?” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த வார்த்தைக்காக என் வாயிலேயே போட வேண்டும்.

இதே பத்தியில், துண்டைக் காட்டி நாயைப் பழக்கிய சாமர்த்தியத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டும் இருந்தேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

லாரி ஏறிய அன்று காலை ஒன்பது மணி இருக்கும். மல்லி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் பின்னால், புதிதாக வாங்கிய செல்போனில் யாரிடமோ வெட்டிப் பேச்சு. எதிரே உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் ஏழுமலை நின்றிருந்தார். லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அவர் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றினார்.

மல்லி நின்றாள். பார்த்தாள். ஓடினாள்… எனக்கு எப்படி ஓடி வருவாளோ, அப்படியே. வால் ஆடிக்கொண்டே.

லாரிக்கும் அம்பாரத்துக்கும் நடுவில் புகுந்தாள். டிரைவர் கண்ணாடியில் எதையோ பார்த்து ஹாரனை அமுக்கினார். கிளீனர் லாரியின் பக்கவாட்டில் படபடவென்று தட்டி “ஓல்டான்! ஓல்டான்!” என்று அலறினார். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினார்கள். நான்? மாதக்கணக்காகக் கையாலேயே பேசிப் பழகிய மகா மேதை நான் என்ன செய்தேன் தெரியுமா? “மல்லி! மல்லி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். துண்டு என் தோளிலேயே கிடந்தது.

பின்னங்கால் ஒன்று போயிற்று. புதுச்சேரியில் டாக்டர் எடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் திரும்பியபோது லாரி ஓனர் உப்பளத்துக்கு வந்திருந்தார். எல்லார் முன்னாலும் டிரைவரைப் பிடித்துக்கொண்டார்: “கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது உனக்கு?” டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்போது நான் வாயைத் திறந்தேன்.

“விடுங்க. அவர் மேல தப்பு இல்ல. அதுக்குக் காது கேக்காது.”

டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “பெரிய மனசு சார் உங்களுக்கு!” நானும் பெரிய மனதுடன் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். வெட்கம்கெட்டவன்.

ஏழுமலை எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்தார். துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

“சார்… நான் லாரியத்தான் சார் கூப்புட்டேன்.”

அதற்கும் நான் ‘தெரியும்’ என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒருவருக்கு ஒரு குறை இருந்தால் நமக்கு எவ்வளவு வசதி பாருங்கள்! கண் தெரியாதவர்மேல் சைக்கிளை விட்டவன் “பாவம், அவருக்குக் கண்ணு தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். இரக்கத்துக்கு இரக்கமும் ஆச்சு, தப்பித்தலும் ஆச்சு. மல்லி சொன்னபேச்சு கேட்டதால்தான் கால் போயிற்று. நான் சொல்லிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்தாள். கொஞ்சம் அடங்காத நாயாக இருந்திருந்தால் நாலு காலோடு இருந்திருப்பாள்.

இப்போது என் மனைவி கையை அசைத்தால் நொண்டிக்கொண்டே ஓடுகிறாள். பால்காரர் அசைத்தால்கூட வாலை ஆட்டுகிறாள். நான் தரையை உதைத்தால் திரும்பிப் பார்க்கிறாள். நான்தான் என்று தெரிந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். நாற்காலியை நகர்த்திப்போட்டு எதிரே உட்கார்ந்தால் மறுபடி இந்தப் பக்கம். வெளியே போனால் சங்கிலி இழுத்த இழுப்புக்கு வருவாள், அவ்வளவுதான்.

காது கேட்காத நாயிடம் கையால் பேசலாம். அந்தக் கையையே பார்க்க மாட்டேன் என்கிற நாயிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள்.