அயுத்யாவில் யார் தலையையும் தொடாதீர்கள்

இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போன ஜனவரியில் நாங்கள் போன தாய்லாந்துப் பயணம் வீல்சேரால் கெட்டது என்று என் அண்ணன் திண்டிவனம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எதனால் கெட்டது என்பதை எழுதுகிறேன். வீல்சேரோடு அங்குள்ள பழைய தலைநகரான அயுத்யா போக நினைப்பவர்களுக்கு உதவும்.

என் மனைவி விழுப்புரத்தில் வரலாற்று ஆசிரியை. கண்டமங்கலம் அருகே நடந்த விபத்துக்குப் பிறகு அவளால் நடக்க முடியாது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திண்டிவனத்தில் ரைஸ் மில் நடத்தும் அண்ணன் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. ஆனாலும் அவர் தாய்லாந்து கிளம்பியபோது, "அயுத்யாவப் பாக்கணுங்க. தூக்க ரெண்டு ஆளாவது வேணும் இல்ல?" என்றாள். போனோம்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் 40 கிலோமீட்டர். அங்கே அண்ணனை ஏற்றிக்கொண்டு சென்னை விமான நிலையம் போக மேலும் இரண்டரை மணி நேரம். பாங்காக்கிலிருந்து அயுத்யா 80 கிலோமீட்டர்; வேன் வாடகை நாளுக்கு 3,000 பாட். காலை 6.30க்குக் கிளம்பினால் எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போகலாம். பத்துக்கு மேல் செங்கல் தரை கொதிக்கும்.

நாங்கள் போன பழைய கோயிலில் பாதிவரைதான் சமதளம். பிறகு ஏழு செங்கல் படிகள். அதற்கு மேலேதான் அவள் பார்க்க வந்த, இடிந்த ஸ்தூபிகள் நிற்கும் மேடை. காவலர் ஒருவர் தானாகவே ஓடிவந்தார். நானும் அண்ணனும் பின்னாலிருந்து இழுக்க, அவர் கீழேயிருந்து தாங்கினார். நான்காவது படி அகலமானது. அங்கே மூச்சு வாங்க நிறுத்தினோம். காவலர் முன்சக்கரத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தார்.

"பலே! நம்ம மில்லுல இவன மாரி ஒருத்தன் இல்ல" என்று அண்ணன் குனிந்து அவர் தலையில் தட்டிக்கொடுத்தார்.

நம் ஊரில் அது பாராட்டு. அங்கே தலை புனிதமானது. அந்நியர் தொடுவது பெரிய அவமானம். காவலர் பிரேக்கைப் போட்டார், எழுந்தார், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"ஹலோ! கம், கம்!" அண்ணன் விரலைச் சொடுக்கிக் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். நாற்காலி லேசாகச் சரிந்தது.

"என்னங்க, கைய வுட்டுடாதீங்க" என்றாள்.

சத்தம் கேட்டு வந்த வேன் ஓட்டுநர் கைப்பிடியை வாங்கிக்கொண்டு, தலையைத் தொட்டதுதான் தவறு என்று அரைகுறை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"நா இன்னா தப்பு பண்ணேன்? பாராட்னது தப்பா?" என்றார் அண்ணன்.

நான் போய்க் கைகூப்பி "கோ தோட் க்ராப்" என்று மன்னிப்புக் கேட்டேன். காவலர் என்னைப் பார்க்கவில்லை. நான்காவது படியில் நாற்காலியில் இருந்தபடியே, தான் செய்யாத தவறுக்குத் தலைகுனிந்து கைகூப்பியிருந்தவளைப் பார்த்தார். இன்னொருவரை அழைத்து வந்து அவளைப் பத்திரமாகக் கீழே இறக்கினார். மேலே அல்ல. மேடையை அவள் பார்க்கவே இல்லை.

ஆகவே, போகிறவர்கள் கவனியுங்கள். குழந்தையானாலும் தலையைத் தொடாதீர்கள். குரலை உயர்த்தினால் காரியம் கெடும். உதவியவருக்கு நன்றியாக ஆண்கள் "கோப் குன் க்ராப்", பெண்கள் "கோப் குன் கா" சொன்னால் போதும். புத்தர் சிலைக்கு நேராகக் கால் நீட்டக்கூடாது. வீல்சேரைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். எங்கெங்கே படி இருக்கிறது என்று வேன் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

இவற்றில் முக்கால்வாசியை நான் விமானத்திலேயே படித்திருந்தேன். அண்ணன் கை இறங்கியபோது எனக்குத் தெரியும். "அண்ணே, வேணாம்" என்று சொல்ல நேரம் இருந்தது. அவரோடுதான் பேசுவதில்லையே. அதோடு, அவர் அந்நிய ஊரில் நாலு பேர் முன்னால் அவமானப்படட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன்.

அண்ணன் வீட்டில் அடுத்து கம்போடியா போகிறார்கள்; பேருக்கு எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போன வாரம் இவள் சொன்னாள்: "நான் வரலன்னு சொல்லிடுங்க. என்னாலதான எல்லாருக்கும் பேஜாரு."

உன்னால் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால், யாரால் என்று கேட்பாள். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தளத்தை அவள் தினமும் வாசிக்கிறாள். பெயர் போடாமல் பதிவிடுகிறேன். இரண்டாவது பத்தியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.