தண்ணி படாம

இன்று மீஞ்சூரில் ஒரு நர்ஸ் என் கால் புண்ணில் வெள்ளைப் பஞ்சுபோல ஒன்றை வைத்துக் கட்டினார். "கடல்பாசில செஞ்சது சார். வடியுற நீரையெல்லாம் உறிஞ்சிக்கும்" என்றார்.

1980களில் அம்மாவுக்கும் இப்படித்தான் வடிந்தது. பழவேற்காடு ஏரியில் கையால் துழாவி இறால் பிடிப்பவள். காலில் கிளிஞ்சல் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெறும் துணியைச் சுற்றி, "தண்ணி படாம பாத்துக்கோ" என்றார்கள்.

"அப்ப எறா கரைக்கு ஏறி வருமா சார்?" என்று கேட்டாள் அம்மா.

மறுநாளே ஏரியில் இறங்கினாள். பொங்கலுக்குள் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள்.

இன்று கட்டி முடித்ததும் நர்ஸும் அதையேதான் சொன்னார். "தண்ணி படாம பாத்துக்கோங்க சார்."

ஆபீஸ் நாற்காலியில் எனக்கு எங்கே தண்ணீர் படப்போகிறது?

அந்தப் பாசியும் இந்த "ங்க"வும் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் இரண்டில் எது முதலில் வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.