யசோதா பார்த்த ஷிஃப்ட்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு லேப்டாப் என் மச்சினி ஸ்டெல்லாவுக்கு வாழ்த்துச் சொன்னது. ‘இன்றைக்குப் படிக்க வேண்டிய அட்டைகள் எல்லாம் முடிந்தன!’

கன்னடப் பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ‘ஆஸ்பத்ரே’ என்று கன்னடத்தில் எழுதச் சொன்னேன். முதல் எழுத்தோடு பேனா நின்றுவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல்? சொல்கிறேன்...

ஸ்டெல்லா ஒன்பது வருஷமாக பெங்களூரில் கான்ட்ராக்ட் நர்ஸ். கன்னடம் கடகடவென்று பேசுவாள். எங்கள் ஊரான கோலார் தங்க வயலில் யாருக்குத்தான் பேச வராது? ஆனால் தமிழ் மீடியத்தில் படித்தவள், எழுதத்தான் வராது. இந்தப் பரீட்சையில் பாஸானால்தான் வேலை நிரந்தரம். வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு.

அதற்காக ஒரு ஓப்பன் சோர்ஸ் ஃப்ளாஷ்கார்ட் சாஃப்ட்வேரைப் பிடித்தேன். தெரியாத அட்டையை மறுநாளே கேட்கும். ‘சுலபம்’ என்று அமுக்கினால் தள்ளிப் போட்டுப் பல நாள் கழித்துக் கேட்கும். அட்டைக்கு ஒரு கன்னட வார்த்தையாக எண்ணூறு அட்டைகளை நானே உட்கார்ந்து தட்டினேன்.

இலவசம்தான். ஆனால் மூன்று ஞாயிறு போனது! என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சமர்த்தாக ஏறியது. ஸ்டெல்லாவின் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் ஏறவில்லை – புதுப் பதிப்பு பழைய சிஸ்டத்துக்கு ஆகாதாம். பழைய பதிப்பைத் தேடிப் போட்டால், என் அட்டைகளைத் திறக்க மாட்டேன் என்றது. இணையத்தில் உதவி கேட்டேன். ‘மேனுவலைப் படி’ என்றான் ஒரு மகானுபாவன். ரிப்பேர் கடைக்காரர் அதற்கும் மேல்: “இன்னா சார், இத்த தூக்கிக் கடாசிட்டு புச்சு வாங்குங்க.” அதைச் சொல்ல ஒரு கடை!

கடைசியில் என் லினக்ஸிலும் பழைய பதிப்பையே போட்டு இரண்டையும் வழிக்குக் கொண்டுவந்தேன். தினமும் பெங்களூர் போகிற ரயிலில் படிக்க? ஸ்டெல்லாவின் போனில் இடமில்லை. தினமும் அவளோடு வரும் தோழி யசோதாவின் போனில் போட்டு, ஸ்டெல்லாவின் அக்கவுண்டையே கொடுத்தேன். எதில் படித்தாலும் எல்லாவற்றிலும் பதியும். என்ன ஒரு மூளை எனக்கு!

ஞாயிறன்று அந்தப் பதிவைத் தோண்டினேன். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நூற்றுப் பத்து அட்டைகள். எல்லாம் ‘சுலபம்’.

“பதினோரு மணிக்கு நான் வார்டுல இருந்தேன் மாமா,” என்றாள் ஸ்டெல்லா.

யசோதாவுக்குப் போன் போட்டேன்.

“நாந்தாண்ணா முடிச்சேன். தெனமும் பாக்கி நிக்குது. அவ பாவம், டபுள் டூட்டி. அவ ஷிஃப்ட நான் பாத்தேன், அவ்ளோதான?”

யசோதா கன்னட மீடியத்தில் படித்தவள். அவளுக்கு எல்லாமே சுலபம். ஸ்டெல்லாவுக்குத்தான் தெரிகிறது என்று நம்பி, சாஃப்ட்வேர் அத்தனையையும் வாரக்கணக்கில் தள்ளி வைத்துவிட்டது. பரீட்சை முடிந்த பிறகு கேட்குமாம்!

“உனக்கு அறிவிருக்கா?” என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் போனில் அக்கவுண்டைப் போட்டது யார்? இது எப்படி வேலை செய்யும் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? மூன்று சிஸ்டத்துக்கு மூன்று ஞாயிறு கொடுத்தவன், அவளுக்கு மூன்று நிமிஷம் கொடுக்கவில்லை. முடியாதவர் ஷிஃப்டை முடிந்தவர் பார்ப்பது சுரங்கம் ஓடிய நாளிலிருந்து எங்கள் ஊர் வழக்கம். அவள் அதைத்தான் செய்தாள். மேனுவலைப் படி என்றானே, அந்த மேனுவலில் இது இருக்கிறதா?

எதை யார் படித்தது என்று பிரிக்க வழியில்லாததால், எண்ணூறு அட்டைகளையும் முதலிலிருந்து வைத்தேன். அந்த எண்ணைப் பார்த்ததும் ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

திங்கள் காலை, மாரிகுப்பம் ரயில். நானும் அதில்தான் போகிறேன். மன்னிப்புக் கேட்டேன். யசோதா என் பக்கம் திரும்பவே இல்லை. போனை வெளியே எடுக்கவும் இல்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஸ்டெல்லாவின் மடியில் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆடுகிற ரயிலில் ஸ்டெல்லா கோணல்மாணலாக எழுதினாள். இருபது வார்த்தை ஆனதும் நோட்டை மூடினாள் ஸ்டெல்லா.

“இன்னிக்கு முடிஞ்சிதுடி.”

“இன்னா முடிஞ்சிது? இன்னும் பங்காரப்பேட்டை ஜங்ஷனே வர்ல. எழுது!”