கவலைச் சால் செம்பான கதை

பிள்ளைகளே, இரும்பு செம்பாக மாறியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் சோளக் காடு. முந்தைய வெள்ளாமையில் சோளக் கதிரில் மணிக்குப் பதில் கரித்தூள் இருந்தது. கரிப்பூட்டை என்பார்கள். அந்தத் தூள் விதையில் ஒட்டிக்கொண்டு மறு வருஷமும் வரும். எங்களிடம் இருந்ததோ அந்த விதைதான். மயில்துத்தம் என்ற நீல உப்பைக் கரைத்த தண்ணீரில் நனைத்து விதைத்தால் நோய் அண்டாது என்று விவசாய ஆபீசர் சொன்னார். மண்பானையில்தான் கரைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, எதையும் சுருக்காக முடிப்பவர். கவலையில் மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் சால் என்ற பெரிய இரும்பு வாளியைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்துவிட்டு அதிலேயே துத்தத்தைக் கரைத்தார்.

“மண்பானைன்னு சொன்னாரே மாப்ளே?” என்றார் அப்பா.

“அவரு வூட்டுல சால் இருக்காதுங்க மாமா, அதனால சொல்லியிருப்பாரு!”

கொஞ்ச நேரத்தில் சாலின் உட்புறம் சிவந்து, புதுச் செம்புக் குடம் போல் மின்னியது. மாமா போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது.

“ஏனுங்க தம்பி, எங்க அருவாளையும் செத்த முக்கிக் குடுங்க” என்றாள் பக்கத்துக் காட்டுக்காரி.

“வரிசையா வாங்க, வரிசையா வாங்க!” மாமாவுக்கு அன்று ராஜ மரியாதை.

மயில் கழுத்துப் போல் இருந்த தண்ணீர் சாயங்காலத்துக்குள் வெளுத்துவிட்டது. அப்பா முகம் சுருங்கியது. “சாயம் போனா என்னங்க மாமா, சத்து உள்ளதான் இருக்கும்” என்று மாமா விதையைக் கொட்டி நனைத்தார். அதையே விதைத்தோம்.

சத்து போய்விட்டது, பிள்ளைகளே. அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் இதை உங்கள் பாடப் புத்தகத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். துத்தத் தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு செம்பு அணுவும் இரண்டு எலக்ட்ரானை இழந்து, நேர் மின்னூட்டத்தோடு நிற்கிறது. நோயைக் கொல்வது அப்படிக் கரைந்து நிற்கும் செம்புதான். இரும்பு அணு தன்னிடமுள்ளதில் இரண்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். வாங்கிய செம்பு அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சந்தை வண்டியில் ஒருவன் இறங்க ஒருவன் ஏறுவது மாதிரி. இரும்பு செம்பாகவே இல்லை. விதைக்குச் சேர வேண்டிய மருந்துதான் சாலிலும் ஊரார் அரிவாளிலும் போய் ஒட்டிக்கொண்டது.

கதிர் வெளிவந்தபோது பார்த்த பக்கமெல்லாம் கரி. வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்கு நம்பியிருந்த சோளம் அது.

“அத்தனை பேரையும் கூப்புட்டுக் காட்டுனான் பாரு, கண்ணு பட்டுப் போச்சு” என்று அம்மா தம்பியை வைதாள்.

எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒரு கதிரை ஒடித்து, கரியைத் தொட்டு முறுக்கு மீசை வரைந்துகொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் என் கையிலிருந்த கதிரைப் பார்த்துவிட்டு, துண்டு முனையால் என் உதட்டை மெல்லத் துடைத்தார்.

“பசிக்குதா கண்ணு?” என்று கேட்டார்.

மீசையைக் காட்டினால் பசியைக் கேட்கிறாரே என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.